ஓடிக்கொண்டிருக்கும்போதே மாற்றலாம்

இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன்பு லினக்ஸ் கணினியில் க்னோம் டெஸ்க்டாப்பை நிறுவியவர்கள், பெரும்பாலும் தங்களுக்கே தெரியாமல், லிஸ்ப் மொழியையும் சேர்த்துத்தான் நிறுவிக்கொண்டார்கள். திரையில் திறக்கும் ஒவ்வொரு சாளரத்துக்கும் தலைப்புப் பட்டை மாட்டுவது, எது மேலே எது கீழே என்று அடுக்குவது, இழுத்தால் நகர்த்துவது, பெரிதாக்குவது, சுருக்குவது ஆகிய வேலைகளைப் பார்க்கும் நிரலுக்கு விண்டோ மேனேஜர் என்று பெயர். அன்றைய க்னோமில் அந்த வேலையைச் செய்துவந்தது ஜான் ஹார்ப்பர் எழுதிய சாஃபிஷ். அதன் அடிமட்டம் சி மொழியில் இருந்தது. ஒரு சாளரம் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்ற முடிவுகளோ லிஸ்பின் கிளைமொழி ஒன்றில் எழுதப்பட்டிருந்தன. பிடிக்காத முடிவைப் பயனரே மாற்றி எழுதிக்கொள்ளலாம்.

2003-இல் வெளிவந்த க்னோம் 2.2 பதிப்பில் சாஃபிஷ் போய் மெட்டாசிட்டி வந்தது. அதை எழுதிய ஹாவோக் பென்னிங்டன், பரபரப்பில்லாத, அலுப்பூட்டும் மென்பொருள் இது என்று அறிமுகக் குறிப்பிலேயே வெளிப்படையாகச் சொல்லிவிட்டார். அதற்கான காரணத்தை வேறொரு கட்டுரையில் விரிவாகவே எழுதினார். ஒவ்வொரு விருப்பத் தேர்வுக்கும் ஒரு விலை உண்டு. தேர்வுகள் பெருகினால் வேண்டியதைத் தேடிப் பிடிக்க முடியாது. அவற்றின் எல்லாச் சேர்க்கைகளையும் சோதித்துப் பார்க்கவும் முடியாது. உண்மையான பிழையைத் திருத்துவதற்குப் பதிலாக இன்னொரு டிக் பெட்டியைச் சேர்த்துவிட்டு நகர்ந்துவிடும் பழக்கம் வந்துவிடும் என்பது அவர் வாதம்.

டிக் பெட்டிகளைப் பொறுத்தவரை அவர் சொன்னது சரி. ஆனால் நூறு டிக் பெட்டிகளை வைப்பது வேறு, பயனர் கையில் ஒரு மொழியைக் கொடுப்பது வேறு. பெட்டிகளை எவ்வளவு கூட்டினாலும், வடிவமைத்தவர் முன்கூட்டியே யோசித்துவைத்ததற்குள்தான் பயனர் சுற்றிவர வேண்டும். வாடகை வீட்டில் எந்தச் சுவரில் ஆணி அடிக்கலாம் என்று வீட்டுக்காரர் பட்டியல் போட்டுக் கொடுப்பதைப் போன்றது அது. மொழி கையில் இருந்தால் வடிவமைத்தவர் கனவிலும் நினைக்காத ஒன்றைப் பயனர் செய்துகொள்ளலாம். அந்த வழியை லினக்ஸ் உலகின் பெரிய டெஸ்க்டாப்புகள் பாதியில் கைவிட்டுவிட்டன. அதை இன்னமும் பிடித்து வைத்திருப்பவை லிஸ்பில் எழுதப்பட்ட சில சிறிய விண்டோ மேனேஜர்கள். கணினி படிக்கும் ஒவ்வொரு மாணவரும் படிப்பு முடிவதற்குள் ஒருமுறையாவது அவற்றில் ஒன்றைத் தன் கணினியில் நிறுவி, சில வாரங்கள் அதிலேயே வேலை பார்க்க வேண்டும். அப்படிச் செய்தால் என்ன கிடைக்கும், என்ன கஷ்டம் வரும் என்ற இரண்டையும் பேசியாக வேண்டும்.

முதலில், இது எப்படிச் சாத்தியமாகிறது? லினக்ஸில் பல ஆண்டுகளாகத் திரையை ஆண்டுவந்தது எக்ஸ் விண்டோ சிஸ்டம். 1984-இல் அமெரிக்காவின் எம்ஐடியில் பாப் ஷைஃப்லரும் ஜிம் கெட்டிஸும் தொடங்கியது. 1987 செப்டம்பரில் வந்த பதினோராவது பதிப்பின் நெறிமுறைதான் இன்றுவரை புழக்கத்தில் இருக்கிறது. அதை வடிவமைத்தவர்கள் ஒரு கொள்கையில் பிடிவாதமாக இருந்தார்கள். திரையில் வரைவதற்கான வழிமுறையை மட்டும் எக்ஸ் தரும். சாளரம் எப்படி இருக்க வேண்டும், எங்கே நிற்க வேண்டும் என்பதை அது தீர்மானிக்காது. அந்தப் பொறுப்பு விண்டோ மேனேஜரிடம் விடப்பட்டது. அதுவும் பிரவுசரைப் போல, டெர்மினலைப் போல, இன்னொரு சாதாரண நிரல்தான்.

இதைக் கண்ணால் பார்க்க ஒரு வழி உண்டு. எக்ஸில் சில சாளரங்களைத் திறந்துவைத்துக்கொண்டு, டெர்மினலிலிருந்து விண்டோ மேனேஜரை மட்டும் நிறுத்திப் பார்க்க வேண்டும். சாளரங்களின் தலைப்புப் பட்டைகள் மறையும், நகர்த்த முடியாது, ஆனால் சாளரங்கள் அப்படியே நிற்கும், உள்ளே ஓடும் நிரல்களுக்கு ஒன்றும் ஆகாது. அந்த இடத்தில் வேறொரு விண்டோ மேனேஜரை ஓடவிட்டால் அவ்வளவு சாளரங்களையும் அது தன் பொறுப்பில் எடுத்துக்கொள்ளும். அமர்வு கலையாமல் நிர்வாகியை மட்டும் மாற்றலாம் என்பதால், எந்த மொழியிலும் எவரும் ஒரு விண்டோ மேனேஜர் எழுதிப் பார்க்க வழி பிறந்தது.

லிஸ்ப்காரர்கள் அந்த வழியில் சீக்கிரமே நுழைந்துவிட்டார்கள். எண்பதுகளின் இறுதியிலேயே பிரான்சில் கொலாஸ் நஹாபூ எழுதிய ஜிடபிள்யூஎம், லிஸ்ப் போன்ற ஒரு சிறு மொழியால் இயங்கியது. பிறகு லிஸ்பின் உறவான ஸ்கீமில் எஸ்சிடபிள்யூஎம், அதன்பின் சாஃபிஷ். இன்றைக்குப் புழக்கத்தில் முக்கியமானவை இரண்டு: காமன் லிஸ்பில் எழுதப்பட்ட ஸ்டம்ப்டபிள்யூஎம், ஈமேக்ஸ் என்ற உரைத் தொகுப்பானின் லிஸ்பில் எழுதப்பட்ட இஎக்ஸ்டபிள்யூஎம்.

ஏன் லிஸ்ப்? 1958-இல் எம்ஐடியில் ஜான் மெக்கார்த்தி உருவாக்கத் தொடங்கிய மொழி அது. 1960-இல் அவர் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரையில், லிஸ்ப் நிரலைப் படித்து அதன் விடையைக் கணக்கிடும் ஒரு செயற்கூறை லிஸ்பிலேயே எழுதிக் காட்டியிருந்தார். அது தாளில் நிற்கும் கோட்பாடு என்றே அவர் நினைத்திருந்தார். அவருடன் வேலை பார்த்த ஸ்டீவ் ரஸ்ஸல் அதை ஐபிஎம் 704 கணினியின் மொழிக்கு மாற்றி ஓடவிட்டுவிட்டார். அந்த அடித்தளத்தால், லிஸ்பில் எழுதும் எவரும் ஒரு வரியைத் தட்டினால் உடனே விடை வரும். ஓடும் நிரலுக்குள் புதிய செயற்கூறைச் சேர்க்கலாம், பழையதை மாற்றலாம். நிரலும் தரவும் ஒரே வடிவில், அடைப்புக்குறிக்குள் அடங்கிய பட்டியலாக இருப்பதால், நிரலை எழுதும் நிரலை எழுதுவதும் எளிது.

எழுபதுகளில் எம்ஐடியின் செயற்கை நுண்ணறிவுக் கூடத்தில் இதை அதன் எல்லை வரை கொண்டுபோனார்கள். லிஸ்பை ஓட்டுவதற்கென்றே லிஸ்ப் மெஷின் என்ற கணினியை வடிவமைத்தார்கள். அதன் இயங்குதளமே லிஸ்ப். சாளர அமைப்பில் ஏதாவது பிடிக்கவில்லை என்றால் அதன் மூலநிரலைத் திறந்து, திருத்தி, கணினியை அணைக்காமலேயே புதிய வடிவத்துக்கு மாற்றிவிடலாம். அந்தக் கூடத்திலிருந்து பிறந்த சிம்பாலிக்ஸ் நிறுவனம் லிஸ்ப் மெஷின்களை விற்றது. உலகின் முதல் டாட் காம் முகவரியைப் பதிவு செய்ததும் அதே நிறுவனம்தான், 1985 மார்ச் 15 அன்று. மலிவான பொதுப்பயன் கணினிகளின் வேகத்துக்கு ஈடுகொடுக்க முடியாமல் தொண்ணூறுகளில் லிஸ்ப் மெஷின்கள் வழக்கொழிந்தன. அதே கூடத்தில் வேலை பார்த்த ரிச்சர்ட் ஸ்டால்மன் தொடங்கிய குனூ திட்டத்தின் வழியாக, அந்தப் பழக்கத்தின் ஒரு துண்டு மட்டும் ஈமேக்ஸ் உரைத் தொகுப்பானுக்குள் உயிரோடு தங்கியது. ஸ்டம்ப்டபிள்யூஎம் அதே பழக்கத்தைச் சாதாரண மடிக்கணினியின் முழுத் திரைக்கும் கொண்டுவருகிறது.

ஸ்டம்ப்டபிள்யூஎம் பிறந்த விதம் கவனிக்கத்தக்கது. ஷான் பெட்ஸ் முதலில் சி மொழியில் ரேட்பாய்சன் என்ற விண்டோ மேனேஜரை எழுதினார். மவுஸைத் தொடாமல் விசைப்பலகையாலேயே எல்லாவற்றையும் செய்ய வேண்டும் என்பது அதன் நோக்கம். எழுத எழுத, கட்டளையைத் தட்டினால் உடனே நடக்கும் வசதி, குறித்த நிகழ்வின்போது பயனரின் நிரலை அழைக்கும் கொக்கி என்று ஈமேக்ஸ் பாணி அம்சங்கள் ஒவ்வொன்றாக உள்ளே வந்து சேர்ந்தன. சி மொழிக்குள் அரைகுறை லிஸ்ப் ஒன்றைக் கட்டிக்கொண்டிருக்கிறோம் என்பது அதை எழுதியவர்களுக்கே புரிந்தது. அப்படியானால் முழுவதையும் லிஸ்பிலேயே எழுதிவிடலாமே என்று தொடங்கியதுதான் ஸ்டம்ப்டபிள்யூஎம். அதன் கையேடே இந்தக் கதையைச் சொல்கிறது.

நிறுவுவது கடினமில்லை. டெபியனில் அது ஆயத்தத் தொகுப்பாகவே கிடைக்கிறது. டெர்மினலில் ஒரே கட்டளை போதும். புதிய பதிப்புதான் வேண்டும் என்பவர்கள் எஸ்பிசிஎல் என்ற காமன் லிஸ்ப் கம்பைலரை நிறுவி, குவிக்லிஸ்ப் வழியாகத் துணை நூலகங்களை இறக்கி, மூலநிரலிலிருந்து கட்டிக்கொள்ளலாம். பிறகு வெளியேறி, மீண்டும் கடவுச்சொல் தரும் திரையில் அமர்வைத் தேர்ந்தெடுக்கும் இடத்தில் ஸ்டம்ப்டபிள்யூஎம் என்பதைத் தேர்ந்தெடுத்தால் உள்ளே போய்விடலாம்.

உள்ளே போனதும் பலர் திகைத்துப்போவார்கள். கருத்த வெற்றுத் திரை. மூலையில் ஒரு சிறு பெட்டியில் வரவேற்பு வாசகமும், உதவிக்கு எந்த விசையை அழுத்த வேண்டும் என்ற குறிப்பும் சில நொடிகள் தெரிந்து மறையும். மெனு இல்லை, பேனல் இல்லை, ஐகான்கள் இல்லை. கன்ட்ரோல் விசையோடு டி-யை அழுத்தி, விட்டு, பிறகு சி-யை அழுத்தினால் டெர்மினல் ஒன்று திரை முழுவதையும் அடைத்துக்கொண்டு திறக்கும். கன்ட்ரோல்-டி, பிறகு சின்ன எஸ்: திரை மேல் கீழாக இரண்டாகும். பெரிய எஸ் என்றால் இடம் வலமாக. டபிள்யூ என்றால் திறந்திருக்கும் சாளரங்களின் பட்டியல். கேள்விக்குறி என்றால் எல்லா விசைகளின் பட்டியலும் திரையில் விரியும். ஒரு சட்டத்தில் உள்ள சாளரம் பக்கத்துச் சட்டத்தில் உள்ளதை மறைத்துக்கொண்டு நிற்காது. ஒவ்வொன்றும் தன் சட்டத்துக்குள் இருக்கும்.

அடுத்த அரை மணி நேரத்தில் முதல் எரிச்சல் வரும். பிரவுசரில் புதிய டேப் திறக்க எல்லோரும் அழுத்துவதும் அதே கன்ட்ரோல்-டி தான். அதை ஸ்டம்ப்டபிள்யூஎம் வழியிலேயே பிடித்துக்கொள்ளும். டேப் திறக்க வேண்டுமென்றால் கன்ட்ரோல்-டி அழுத்தி மறுபடி டி-யை அழுத்த வேண்டும். நல்லது, இங்கேதான் பாடம் தொடங்குகிறது. ஹோம் அடைவில் ஒரு அமைப்புக் கோப்பைத் திறந்து, தொடக்க விசையை மாற்றச் சொல்லும் ஒற்றை வரியை எழுதினால் தீர்ந்தது. அந்த வரி ஒரு லிஸ்ப் நிரல். அமைப்புக் கோப்புக்கென்று தனி இலக்கணம் கிடையாது. விண்டோ மேனேஜரே எந்த மொழியில் எழுதப்பட்டதோ, அதே மொழியில்தான் பயனரும் எழுதுகிறார். இதுவரை பயனராக மட்டும் இருந்த ஒருவர், தான் நிரலாளர் ஆகிறோம் என்ற எண்ணமே இல்லாமல் முதல் செயற்கூறை அழைத்துவிடுகிறார்.

அடைப்புக்குறி ஒன்றை மூட மறந்தால்? அமைப்புக் கோப்பில் பிழை இருக்கிறது என்ற செய்தி திரையில் வரும். இயல்பான விசைகளோடு அமர்வு தொடங்கும். கோப்பைத் திறந்து திருத்திக்கொள்ளலாம். பயந்து ஒதுங்க வேண்டியதில்லை.

இதற்கு அப்பால்தான் உண்மையான சுவை. கன்ட்ரோல்-டி அழுத்தி முக்காற்புள்ளியைத் தட்டினால் ஒரு சிறு உள்ளீட்டுப் பெட்டி வரும். அதில் லிஸ்ப் வரி எதையும் எழுதலாம். அந்த வரி, ஓடிக்கொண்டிருக்கும் விண்டோ மேனேஜருக்குள்ளேயே கணக்கிடப்படும். ஒன்றையும் இரண்டையும் கூட்டச் சொன்னால் மூலையில் மூன்று என்று வரும். சாளரச் சட்டத்தின் நிறத்தை மாற்றச் சொன்னால் அடுத்த கணம் மாறும். ஸ்வாங்க் என்ற நூலகத்தை அதற்குள் ஏற்றிவிட்டால் இன்னும் ஆழமாகப் போகலாம். ஈமேக்ஸிலிருந்து ஓடும் விண்டோ மேனேஜரோடு தொடர்பு ஏற்படுத்திக்கொண்டு, அதன் எந்தச் செயற்கூறையும் திறந்து பார்த்து, மாற்றி எழுதி, இரண்டு விசைகளைத் தட்டி உள்ளே அனுப்பலாம். பிரவுசரும் பாட்டும் ஓடிக்கொண்டே இருக்க, அவற்றைத் தாங்கி நிற்கும் நிரல் மட்டும் புது வடிவம் எடுத்திருக்கும். முழு நிரலையும் மறுபடி கம்பைல் செய்வதும், நிறுத்தி மறுபடி தொடங்குவதும், வெளியேறி உள்ளே வருவதும் எதுவும் தேவையில்லை.

ஒரு சிறிய உதாரணம். ஆங்கிலக் கட்டுரைகளைத் தமிழில் மொழிபெயர்த்துக்கொண்டிருப்பவர் ஒருவருக்கு அடிக்கடி தமிழ் விக்சனரியைப் பார்க்க வேண்டியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். வழக்கமான வழியில் சொல்லைத் தேர்ந்தெடுத்து, நகலெடுத்து, பிரவுசருக்குப் போய், புதிய டேப் திறந்து, ஒட்டித் தேட வேண்டும். ஸ்டம்ப்டபிள்யூஎம்மில் நான்கைந்து வரிகளில் ஒரு புதிய கட்டளை எழுதலாம். எந்த நிரலில் எந்தச் சொல்லைத் தேர்ந்தெடுத்திருந்தாலும் அதை எக்ஸிடமிருந்து வாங்கி, விக்சனரி முகவரியோடு ஒட்டி, பிரவுசருக்கு அனுப்பு என்று அந்தக் கட்டளைக்குச் சொல்லிவிடலாம். அதை ஒரு விசைக்குக் கட்டிவிட்டால் பிடிஎஃப் கோப்பிலும் வேலை செய்யும், டெர்மினலிலும் வேலை செய்யும். இப்படி ஒரு வசதியை எந்த நிறுவனமும் செய்து விற்காது. வேண்டியவர் தானே செய்துகொள்ளக்கூடிய அளவுக்கு அது சிறியது; அவர் வேலைநாளையே மாற்றும் அளவுக்குப் பெரியது.

இஎக்ஸ்டபிள்யூஎம் இன்னும் ஒருபடி மேலே போகிறது. ஈமேக்ஸே விண்டோ மேனேஜராகிவிடும். பிரவுசர் சாளரமும், திறந்த கோப்பைப் போல, ஈமேக்ஸுக்குள் ஒரு பஃபராக உட்காரும். காலையிலிருந்து இரவு வரை ஈமேக்ஸில் வாழ்பவர்களுக்கு அது சொர்க்கம். ஆனால் ஈமேக்ஸ் ஒரு வேலையில் சிக்கி உறைந்தால் சாளரங்களை மாற்றும் வேலையும் சேர்ந்து உறையும். புதிதாக வருபவர்களுக்கு ஸ்டம்ப்டபிள்யூஎம்தான் ஏற்றது.

கஷ்டங்களை மறைக்கக் கூடாது. பெரிய டெஸ்க்டாப்புகள் சத்தமில்லாமல் பார்த்துக்கொள்ளும் பல வேலைகள் இங்கே பயனர் தலையில் விழும். ஒலியைக் கூட்டும் விசையை அழுத்தினால் ஒன்றும் நடக்காது. எந்தக் கட்டளை ஓட வேண்டும் என்று எழுதிக்கொடுக்க வேண்டும். திரைப் பூட்டு, வைஃபை, திரையின் வெளிச்சம், பேட்டரி அளவு எல்லாவற்றுக்கும் தனித்தனி ஏற்பாடு தேவை. புரொஜெக்டரை இணைத்துவிட்டு அவசரத்தில் படம் வராமல் நிற்கும் ஆசிரியருக்கு இது உதவாது. அலுவலகத்தில் பலர் மாறி மாறி உட்காரும் கணினியிலும் இதை வைக்கக் கூடாது. இன்னொன்று: அமைப்புக் கோப்பு முழு அதிகாரம் உள்ள நிரல் என்பதால், பிறர் எழுதியதைப் படிக்காமல் ஒட்டிக்கொள்வது ஆபத்து. அந்த வரிகள் பயனரின் எல்லாக் கோப்புகளையும் தொட முடியும்.

தமிழில் எழுதுவோருக்குக் கூடுதலாகச் சில சிக்கல்கள் உண்டு. க்னோமில் தமிழ்99 விசைப்பலகையை அமைப்புத் திரையில் சேர்த்தால் போதும். பின்னணியில் ஐபஸ் என்ற உள்ளீட்டு நிரல் தானாகவே இயங்கும். ஸ்டம்ப்டபிள்யூஎம்மில் ஐபஸையோ எஃப்சிடிஎக்ஸையோ அமர்வு தொடங்கும்போது பயனரே ஓடவிட வேண்டும். பிற நிரல்கள் அதைக் கண்டுகொள்வதற்கான சூழல் மாறிகளையும் அமைக்க வேண்டும். தமிழே தட்ட வரவில்லை என்று முதல் நாளே பின்வாங்குபவர்கள் இந்த இடத்தில்தான் நிற்கிறார்கள். இந்த ஏற்பாட்டை ஒருமுறை செய்துவிட்டால் பிரவுசரிலும் லிப்ரே ஆபீஸிலும் தமிழ் வழக்கம்போல வரும்.

வராத இடம் ஸ்டம்ப்டபிள்யூஎம்மின் சொந்த இடங்கள்தான். அதன் உள்ளீட்டுப் பெட்டி விசைகளை நேரடியாக எக்ஸிடமிருந்து வாங்குகிறது. நடுவில் ஐபஸுக்கு இடமில்லை. எனவே அதில் தமிழில் தட்ட முடியாது. சாளரத் தலைப்புகளைக் காட்டும் நிலைப் பட்டையில் இயல்பாக இருப்பது எக்ஸின் பழைய புள்ளி எழுத்துரு. அதில் தமிழே கிடையாது. ட்ரூடைப் எழுத்துருவுக்கான கூடுதல் தொகுதியைச் சேர்த்தால் தமிழ் எழுத்துகள் தெரியும், ஆனால் கொம்பும் காலும் இடம் தவறும். யூனிகோடில் ஒற்றைக் கொம்பு, மெய்யெழுத்துக்குப் பின்னால்தான் சேமிக்கப்படுகிறது. திரையில் காட்டும்போது அதை முன்னால் கொண்டுவர ஒரு வடிவமைப்பு நூலகம் வேண்டும். பிரவுசர்களில் ஹார்ஃப்பஸ் அந்த வேலையைச் செய்கிறது. ஸ்டம்ப்டபிள்யூஎம்மின் அந்தத் தொகுதியில் அப்படி ஒன்று இல்லை. எழுத்துருக் கோப்பிலிருந்து வடிவங்களை எடுத்து வரிசையாக ஒட்டுவதோடு அதன் வேலை முடிந்துவிடுகிறது.

இவற்றையெல்லாம் விடப் பெரிய கேள்வி எதிர்காலத்தைப் பற்றியது. எக்ஸுக்குப் பதிலாக வேலண்ட் வந்துகொண்டிருக்கிறது. கிறிஸ்டியன் ஹாக்ஸ்பெர்க் 2008-இல் தொடங்கிய திட்டம் அது. 2025-இல் வெளியான ரெட் ஹாட் எண்டர்பிரைஸ் லினக்ஸ் 10 பதிப்பிலிருந்து எக்ஸ் சர்வரே நீக்கப்பட்டுவிட்டது. பழைய நிரல்களுக்கான எக்ஸ்வேலண்ட் மட்டும் மிச்சம். அதே ஆண்டு அக்டோபரில் வந்த உபுண்டு 25.10 பதிப்பிலும் க்னோமுக்கான எக்ஸ் அமர்வு இல்லை.

வேலண்டின் பாதுகாப்புக் காரணங்கள் நியாயமானவை. எக்ஸில் ஒரு நிரல் இன்னொரு நிரலில் தட்டப்படும் விசைகளை ஒட்டுக்கேட்க முடியும். கடவுச்சொல்லும் அதில் அடக்கம். வேலண்டில் அது முடியாது. ஆனால் வேலண்டில் திரையில் வரைவது, விசைகளை வாங்குவது, சாளரங்களை அடுக்குவது எல்லாம் கம்பாசிட்டர் என்ற ஒரே நிரலுக்குள் போய்விட்டன. அது விழுந்தால் பொதுவாக அமர்வே போய்விடும். விண்டோ மேனேஜர் மட்டும் எழுத நினைக்கும் தனி ஒருவர் இனி கம்பாசிட்டர் முழுவதையும் எழுத வேண்டும். டபிள்யூஎல்ரூட்ஸ் போன்ற நூலகங்கள் அந்தச் சுமையைக் குறைக்கின்றன. டபிள்யூஎல்ரூட்ஸின் மீது, ஸ்டம்ப்டபிள்யூஎம் திட்டத்தின் குடைக்குள்ளேயே, மஹாகனி என்ற காமன் லிஸ்ப் கம்பாசிட்டர் உருவாகிவருகிறது. வேலைக்கு நம்பி எடுத்துக்கொள்ளும் அளவுக்கு அது இன்னும் முதிரவில்லை. எக்ஸைப் பெரிய நிறுவனங்கள் கைவிடும் வேகத்துக்கும், அதன்மேல் வளர்ந்த சிறிய திட்டங்கள் இடம்பெயரும் வேகத்துக்கும் நடுவில் பெரிய இடைவெளி விழுந்திருக்கிறது. பாதுகாப்பைச் சேர்த்ததற்காக வேலண்டைப் பாராட்டலாம். விண்டோ மேனேஜரைப் பயனர் தனியே கழற்றி மாட்டும் உரிமையை, அதற்கு மாற்று வழி தயாராகும் முன்பே பறித்தது தவறு.

இத்தனை சிரமம் எதற்கு, க்னோமே போதுமே என்று கேட்பவர்கள் உண்டு. க்னோமில் வேலை பார்ப்பவர்களே அதோடு நிற்பதில்லை என்பதுதான் பதில். இன்றைய க்னோம் ஷெல்லுக்கு ஜாவாஸ்கிரிப்டில் நூற்றுக்கணக்கான நீட்சிகளை எழுதியிருக்கிறார்கள். புதிய பதிப்பு வரும்போதெல்லாம் அவற்றில் பல உடைகின்றன, மறுபடி திருத்துகிறார்கள். திரையைத் தன் வசதிக்கு மாற்றும் ஆசை, 2003-இல் சாஃபிஷோடு போய்விடவில்லை. காமன் லிஸ்பின் அமெரிக்கத் தரநிலையோ 1994-இல் முடிவானது. அதற்குப் பிறகு மாறவில்லை. அதில் எழுதிய அமைப்புக் கோப்பைப் பல ஆண்டுகள் கழித்தும் புதிய கணினிக்கு அப்படியே கொண்டுபோகலாம்.

தமிழ்நாட்டில் இதைத் தொடங்குவதற்குப் பணம் தேவையில்லை. 2011-இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் மாணவர்கள் பெற்ற கணினிகள் பல வீடுகளில் பயன்படாமல் கிடக்கின்றன. அவற்றில் பலவற்றில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் சேர்ந்தே வந்தது. சென்னை சி-டாக் உருவாக்கிய, டெபியனை அடிப்படையாகக் கொண்ட லினக்ஸ் அது. இன்றைய பெரிய டெஸ்க்டாப்புகளுக்கு அந்தக் கணினிகள் திணறும். மெனுவும் அசைவூட்டமும் இல்லாத ஸ்டம்ப்டபிள்யூஎம்முக்கு அவை தாராளமாகப் போதும். பொறியியல் கல்லூரிகளில் லிஸ்ப் என்றால் செயற்கை நுண்ணறிவின் வரலாற்றில் வரும் ஒரு பத்தி என்ற அளவோடு முடித்துவிடாமல், ஆய்வகத்தில் சில கணினிகளையாவது இதற்கு ஒதுக்க வேண்டும். மாணவர் தொட்டால் கெட்டுவிடும் என்று பூட்டிவைக்காத கணினிகளாக அவை இருக்க வேண்டும். பாடத்திட்டத்தில் வரும் வரை காத்திருக்கவும் தேவையில்லை. ஒரு கல்லூரியின் லினக்ஸ் ஆர்வலர் குழு சனிக்கிழமை பிற்பகல் ஒன்றில் இதைச் செய்து முடித்துவிடலாம்.

அப்படி நிறுவும் மாணவர்களில் ஒருவரிடம் ஒரு வேண்டுகோள். நிலைப் பட்டையில் தமிழ் இடம் தவறித் தெரிகிறதே, அதைச் சரிசெய்யுங்கள். தொகுதியின் மூலநிரல் பொதுவில் இருக்கிறது. படிக்க முடியாத அளவுக்குப் பெரியதும் இல்லை. ஹார்ஃப்பஸ் சி++ மொழியில் எழுதப்பட்ட, சி இடைமுகம் கொண்ட திறந்த நூலகம். சி நூலகங்களைக் காமன் லிஸ்பிலிருந்து அழைக்கச் சிஎஃப்எஃப்ஐ என்ற பாலம் ஏற்கெனவே உண்டு. கொம்பும் காலும் சரியான இடத்தில் வந்து உட்காரும் நாளில், தமிழுக்கு மட்டுமல்லாமல் மலையாளம், வங்காளம், சிங்களம், கெமெர் ஆகிய எழுத்துகளுக்கும் அந்தப் பட்டை பயன்படத் தொடங்கிவிடும்.